மாடிப் போர்ஷனில் கடல்

டிசம்பர் முதல் ஞாயிறு காலை, திருவண்ணாமலையில் கோதண்டராமன் வீட்டு மாடிப் போர்ஷனுக்குள் கடல் வந்தது. சமையலறைச் சிங்குக்கு அடியில் கசிவாகத் தொடங்கி மத்தியானத்துக்குள் கட்டில் கால்களை நனைத்தது. குடியிருந்த அமலோற்பவம் குழாய் உடைந்துவிட்டதென்றுதான் முதலில் நினைத்தாள். துடைத்துப் பிழிந்த துணியில் மணல் இருந்தது. தண்ணீர் உப்புக் கரித்தது. சாயங்காலம் உள்வாங்கி, விடிவதற்குள் மறுபடி ஏறியபோது, அது குமரிக் கரையில் தன் வீட்டுக்கு முன்னால் கிடக்கும் கடல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் நர்ஸ், மாற்றலாகி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் இருக்கும், யாருக்கும் லீவு கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வரமுடியாதென்று அம்மாவிடம் போனில் சொல்லி அழுத மறுநாள்தான் கடல் வந்தது. அவள் கட்டிலுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், முழங்கால் தேய்ந்து நடக்கமுடியாத உண்ணாமுலை படுத்திருந்தாள், கோதண்டராமனின் மனைவி. தளம் தாங்குமா என்று அமலோற்பவம் மேஜைமேல் படுத்துக்கொண்டு விடியவிடியக் காதைத் தீட்டிக் கேட்டாள். தாங்கினாலும் வீடு நிலைக்குமா? தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கோவில் பக்கத்தில் வீடு கிடைப்பது லேசில்லை. மீன் வாசனையே வரக்கூடாதென்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது வாரம் கட்டிலுக்கடியில் சாளை மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. அவள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள்.

கோதண்டராமன் இரண்டு தடவை மேலே வந்தார். "சீலிங்ல உப்பு பூக்குதும்மா, இன்னா நடக்குது உள்ள?" என்றார். ஒன்றுமில்லை என்று கதவிடுக்கில் முகத்தை மட்டும் காட்டிச் சொன்னாள்.

மாதா கோவிலில் அவள் கடைசி பெஞ்சுக்காரி. பூசை முடிவதற்குள் எழுந்து போய்விடுவதால் யாருக்கும் அவள் பேர்கூடத் தெரியாது. மூன்றாம் ஞாயிறு கேரல் பாட்டுக் குழுவின் தங்கம்மாள் வாசலில் மடக்கினாள். "சேலையெல்லாம் நனைஞ்சிருக்குதே, ஏம்மா?" பைப்பு ஒழுகுது என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், விளக்கு வைக்கிற நேரத்தில், மாடிப்படியில் டிரம் சத்தம் ஏறி வந்தது. உள்ளே தண்ணீர் இடுப்பளவு. கதவுக்கு வெளியே தங்கம்மாளின் குரல் கேட்டது.

"நர்சம்மா, கதவத் தொற. பைப்பு ஒழுவுதுன்னியே, நம்ம அன்பரசன் பிளம்பர்தான், கூட்டிக்கினு வந்திருக்கேன்."

"நாளைக்கு வாங்கக்கா."

"கேரலுக்கு வந்தவங்கள வாசலோட அனுப்புவாங்களா?"

அவர்களுக்குப் பின்னால் கோதண்டராமனின் இருமல் கேட்டது. எல்லாம் போயிற்று என்று அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கடல் படியில் கொட்டவில்லை. வாசற்படியைத் தாண்டி ஒரே ஒரு அலை வந்து எல்லார் கால்களையும் நனைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனது. அன்பரசன் கொஞ்ச நேரம் பார்த்தான். ஸ்பேனரைப் பைக்குள் போட்டான். "இது பைப்பு இல்லக்கா" என்றான். தங்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "வெதுவெதுன்னு நல்லா இருக்குது, எல்லாரும் வாங்க." இடுப்பளவு கடலில் நின்று பாட்டு தொடங்கினார்கள். இத்தனை பேருக்குக் காப்பி கொடுக்க டம்ளர் போதாதே என்று அமலோற்பவம் தவித்தாள்.

கோதண்டராமன் ஒரு கை அள்ளி நக்கிப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். கீழே இறங்கிப் போனார். பாட்டு அமலோற்பவத்தின் காதில் ஏறவில்லை. எந்தத் தெருவில் வீடு தேடுவது என்றே மனசு ஓடியது. அவர் படியிலிருந்து கூப்பிட்டார்: "எங்க வீட்டம்மா கடலே பாத்ததில்ல. தூக்கியாரணும், ரெண்டு பேர் வாங்கப்பா."

உண்ணாமுலையை நாற்காலியோடு தூக்கிவந்து தண்ணீரில் வைத்தார்கள். சாளைகள் விரலைக் கொத்த, அவள் கூசிச் சிரித்தாள். தங்கம்மாள் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினாள். "உம் பேரு இன்னாம்மா?"

"அமலோற்பவம்."

"இம்மாம் பெரிய பேர வெச்சிக்கினு கடைசி பெஞ்ச்ல ஒளிஞ்சிருந்தியா?" என்றாள் தங்கம்மாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளோடு கடல் வடிந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு லீவு கிடைத்தது. ஊரில் அம்மாவோடு கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது போனில் கோதண்டராமன் பெயரைப் பார்த்து மாவுக் கையோடே எடுத்தாள்.

"வந்துடுச்சிம்மா, முழங்கால் வரைக்கும். தங்கம்மா ஆளுங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க. நீ பொறுமையா இருந்துட்டு வா."