உயிருள்ளவருக்குச் சதுரம்

தலை நேராக நிற்கவில்லை. உம் கிர்கிஸ் இரண்டு கைகளாலும் பிடித்து நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். இறந்துகிடந்த ஹெலானாவின் முகம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. வலது காது மேலே வந்தது.

"விடு யுஸ்தினா. செத்தும் யாரோ பேசறதக் கேட்டுக்கிட்டுதான் இருக்கா, பாவம்."

கோயிலைப் பெருக்கும் உம் கிர்கிஸே ஊரில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுகிறவளும். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணமான முதல் வருடம், உப்புக் குறைந்த ஒரு குழம்புக்காக அப்பா அடித்த அடியில் அம்மாவின் இடது காது போயிற்று. அன்றிலிருந்து நாற்பத்தோரு வருடம், யார் பேசினாலும் அம்மா வலது காதைக் கொடுத்துத்தான் கேட்பாள். வெளியூர்க்காரர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

யுஸ்தினா துணியைப் பிழிந்து அம்மாவின் விரல்களைத் துடைத்தாள். அன்று காலை, உயிர் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, இந்த விரல்கள்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

"உங்கப்பா என்னையும் அந்தச் சுவத்துல ஏத்தச் சொல்லுவாரு."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"சொல்லுவாரு. ஏத்தாத. அங்கயுமா நான் அவரு பக்கத்துல நிக்கணும்? சரின்னு சொல்லுடி."

யுஸ்தினா குனிந்து அந்த வலது காதில் "சரிம்மா" என்றாள்.

அந்தச் சுவர் கோயிலின் மேற்கு வாசலை ஒட்டியது. கோயில் குவிமாடத்தைக் கட்டிக்கொடுத்தவர் அப்பா. முகத்தஸ் ஃபானூஸ். எருசலேம் போய் வந்ததிலிருந்து ஊரே அவரை முகத்தஸ் என்றுதான் கூப்பிட்டது. அம்மா போகவில்லை. எருமையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. குவிமாடம் முடிந்ததும், கட்டிக்கொடுத்தவரைச் சுவரில் வரைய வேண்டும் என்று பாதிரியார் அபூனா மகாரி சொன்னார். கெய்ரோவில் ஆறு வருடம் புனிதர் படம் எழுதக் கற்று வந்த மகள் வீட்டிலேயே இருந்தாள். இறந்துபோன புனிதர்களுக்குத் தலைக்குப் பின்னால் வட்டம். உயிரோடிருப்பவருக்குச் சதுரம். பழைய மடத்துச் சுவர்களில் அப்படித்தான் இருக்கிறது என்று அபூனா படம் காட்டினார். உள்ளங்கையில் குவிமாடத்தை ஏந்திக்கொண்டு, தலைக்குப் பின்னால் நான்கு மூலையும் கூரான தங்கச் சதுரத்தோடு அப்பா சுவரில் ஏறினார். அதன்பிறகு ஊர்ப் பிள்ளைகள்கூட வட்டம் எது, சதுரம் எது என்று சொல்லும்.

அப்போது யுஸ்தினா ஒரே ஒரு தடவை கேட்டாள். "அம்மாவையும் பக்கத்துல வரையட்டுமா?"

கூடத்தில் ஆண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "சமையக்கட்டுக்கும் சதுரமா?" என்றார் அப்பா. "சுவரெல்லாம் பூண்டு வாசம் அடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மா டீத்தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு.

அம்மா இறந்த அன்று பிற்பகலே அடக்கம். அப்பா நோயறைக்குள் கடைசி மூன்று வாரமும் காலை வைக்கவில்லை. சவப்பெட்டிக் கடை இருக்கும் தெருவழியாகப் போகாமல் சுற்றிப்போகிற மனிதர் அவர். எருசலேமிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அங்கியை, தன்னை அடக்கம் செய்யும்போது உடுத்துவது என்பதால், பெட்டியைத் திறக்காமலே பரண்மேல் போட்டிருந்தார். கோயிலில் சவப்பெட்டிக்கு எட்டடி தள்ளி, தன் படத்துக்குக் கீழேயே நின்றார். வந்தவர்கள் கையைப் பிடித்து, "மிச்ச ஆயுசு உங்களுக்கு ஆகட்டும், முகத்தஸ்" என்றார்கள். வழக்கமாகச் சொல்வதுதான். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும், கையில் ஏதோ கொடுத்ததுபோல, "ஆமென்" என்று அழுத்திச் சொன்னார்.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டுச் சீனியில்லாக் காபி சுற்றிவந்தது. அபூனா யுஸ்தினாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மூணாம் நாள் ஜெபத்துக்கு பிஷப்பே வர்றாரும்மா. கோயிலுக்கும் வருவாரு. உங்கப்பாவுக்கு ஒரு ஆசை."

"தெரியும், அபூனா."

"அதான் பக்கத்துல எடம் இருக்கே," என்றார் அப்பா, காபியை ஊதிக்கொண்டே. "இப்ப அவளுக்கு வட்டமே போடலாம். தாராளமா போடு. ஊர் பாக்கட்டும், நான் அவளுக்குக் கொற வைக்கல."

"அம்மா வேணாம்னு சொன்னாங்கப்பா."

"அவ எதத்தான் வேணும்னா? அவளைக் கேட்டா இந்த வீட்டுல எல்லாம் நடந்துச்சு?" அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் சிரிக்கப் போய், சாவு வீடென்று நினைவு வந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வரையமாட்டேன்."

"சரி. மின்யா டவுனுல ரெண்டு பேரு இருக்கானுங்க. ஒரு போட்டோவக் குடுத்தா ஒரே நாள்ல வரைஞ்சுட்டுப் போயிடுவான். உன் கையால வந்தா அவளுக்குப் புண்ணியம்னு பாத்தேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். யாரு வரைஞ்சாலும் கழுத்த நேரா வரையணும். கோணக்கழுத்தா நின்னா எனக்குத்தான் அசிங்கம்."

அபூனா தாடியைத் தடவினார். "சாஞ்சிருந்தாலும் பரவால்ல, முகத்தஸ். தாழ்மை தெரியும்."

யுஸ்தினா இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு, "காலைல போறேன்" என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கோயிலில் யாருமில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்தாள். சாமான்களை வழக்கமான வரிசையில் எடுத்து வைத்தாள்: ஆணி, நூல், பசை, தங்கத்தாள் கட்டு, அணில்வால் தூரிகை. அப்பாவுக்குப் பக்கத்து வெற்றிடம் ஒரு ஆள் அகலம் இருந்தது. அவளே இரண்டு வருடம் முன்பு விட்டுவைத்த இடம்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏணியை இரண்டடி தள்ளி நிறுத்தி ஏறினாள்.

ஆணியை அப்பாவின் புருவங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். நூலைச் சதுரத்தின் ஒரு மூலைவரை இழுத்துப் பிடித்துச் சுற்றினாள். வட்டம் நான்கு மூலைகளையும் தொட்டுக்கொண்டு மூடியது. சதுரத்தின் பக்கங்களுக்கு வெளியே மிஞ்சிய நாலு பிறைகளிலும் சதுரத்தின் ஓரத்திலும் பசை பூசினாள். பசை பதத்துக்கு வர மூன்று மணி நேரம். கீழே உட்கார்ந்து காத்திருந்தாள். விரல் முட்டியால் தொட்டபோது இழுத்துப் பிடித்தது. தங்கத்தாளை ஒவ்வொன்றாக ஒட்டி, பழைய சதுரத்தின் ஓரக்கோடு தெரியாமல் அதன்மேலும் ஒரு சுற்று ஒட்டினாள்.

பதினோரு மணிக்கு விளக்குமாற்றோடு வந்த உம் கிர்கிஸ் நிமிர்ந்து பார்த்தாள். விளக்குமாறு கீழே விழுந்தது.

"ஐயோ கர்த்தாவே! அவருமா?" சிலுவை போட்டுக்கொண்டாள். "நேத்து நல்லாத்தானே உக்காந்து காபி குடிச்சாரு! எப்பம்மா?"

யுஸ்தினா ஏணியில் இன்னொரு படி ஏறினாள். தூரிகையால் தூசு தங்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். உம் கிர்கிஸ் தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். அவளுடைய ஒப்பாரி திருப்பத்துக்குத் திருப்பம் வளர்ந்துகொண்டே போவது உள்ளே கேட்டது.

நேற்றுக் கட்டிய கறுப்பை அவிழ்க்காத பெண்கள் இருபது முப்பது பேர் மார்பில் அறைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, முகத்தஸ் ஃபானூஸ் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தாடி மழித்துக்கொண்டிருந்தாராம். நாவிதன் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டான். பின்வரிசையில் வந்த ஒரு கிழவி, யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்காமல், அவர் கையையே பிடித்து, "மிச்ச ஆயுசு உங்களுக்கு ஆகட்டும்" என்று சொன்னாளாம்.

அவர் பாதி மழித்த முகத்தோடு கோயிலுக்குள் வந்தார். வாசலில் கூட்டம் நின்றது. யாரும் உள்ளே வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். வாசல் வெளிச்சம் புதுத் தங்கத்தில் விழுந்து வட்டம் முழுதாக எரிந்தது. கை அவரறியாமல் தன் பிடரிக்குப் போயிற்று. அங்கே ஏதோ ஒட்டியிருப்பதுபோலத் தடவினார்.

"அழி."

"அழிச்சா வடு தெரியும்ப்பா. சுரண்டினாலும் வட்டந்தான் தெரியும்."

"மறுபடி சதுரமாக்கு."

"வட்டத்தைச் சதுரமாக்கறதில்ல." அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். "அபூனாவக் கேளுங்க. செத்தவங்கள யாரும் திரும்ப உயிருள்ளவங்களா வரையறதில்ல."

அவர் உதடு அசைந்தது. நேற்று வந்த சத்தம் வரவில்லை. "உன் அப்பன்டி நான்."

"தெரியும்ப்பா."

வெளியே யாரோ தும்மினார்கள். அவர் திடுக்கிட்டார்.

"சுண்ணாம்பு அடி," என்றார், சுவரைப் பார்க்காமல். "இன்னிக்கே."

"முகத்த மட்டுமா?"

"எல்லாத்தையும். சுவர் மொத்தமும். பிஷப் வரும்போது இங்க ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"அப்ப அம்மா?"

அவர் அதைக் கேட்காதவர்போல வாசலுக்குப் போனார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, சவப்பெட்டிக்கு விடுவதுபோல, அகலமாக வழிவிட்டது. அவர் ஒரு நிமிடம் அந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்.

யுஸ்தினா வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மாவின் பெரிய செப்புச் சட்டியைக் கொண்டுவந்து அதில் சுண்ணாம்பு கரைத்தாள். மேலிருந்து கீழாக, ஒரே திசையில் அடித்தாள். முதலில் வெற்றிடம். பிறகு குவிமாடம் ஏந்திய கை, அங்கி, முகம்.

மூன்று மணிக்கு முதல் பூச்சு காய்ந்தது. வெள்ளைக்குள்ளிருந்து வட்டம் மட்டும் லேசான மஞ்சளாக எழும்பி வந்தது.

அவள் தலையை இடப்பக்கம் சாய்த்து அதைப் பார்த்தாள். பிறகு இரண்டாம் பூச்சுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.