ஐந்து டன் லாரி

"வீட்டுல எத்தனை பேர் சார்?" என்று கேட்டான் குவாக்.

"மூணு பேர்," என்றார் தேசிக்.

பொய் என்று சொல்ல முடியாது. அவர், மனைவி யுன்மி, மகள் சோரா, ஆக மூன்று பேர்தான். ஆனால் பின்னவர் இருவரும் கனடாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் அங்கே படிக்கிறாள், தாய் துணைக்கு இருக்கிறாள், தகப்பன் இங்கே புச்சொன் நகரில் சம்பாதித்து மாதா மாதம் அனுப்புகிறான். இப்படிப்பட்ட அப்பாக்களுக்கு ஊரில் காட்டுவாத்து அப்பா என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை பறந்து போய்க் குஞ்சைப் பார்த்துவிட்டு வருவார்களாம். டிக்கெட்டுக்கு வக்கில்லாதவர்களுக்குப் பெங்குவின் அப்பா என்று இன்னொரு பெயர் உண்டு. தேசிக் இரண்டு வருடமாகப் பெங்குவின்தான்.

குவாக் வீடு மாற்றித் தரும் கம்பெனியின் ஆள். சாமான்களைப் பார்த்துக் கூலி சொல்ல வந்திருந்தான். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்ததைப் பார்த்தான். அறை அறையாகப் போய் அலமாரிகளைத் திறந்து பார்த்தான். சோராவின் கட்டில், மேசை, யுன்மியின் கண்ணாடி மேசை, கிம்ச்சி ஊறுகாய்க்கென்று தனியாக ஒரு குளிர்பெட்டி. சமையலறைக்கு வந்ததும் கால் இடறியது.

"இந்த முக்காலியும் வருதா சார்?"

"அது இல்லாம எப்படி? அதுதான் முக்கியம்."

யுன்மி கணவனைவிட ஒரு தலை உயரம். கல்யாணத்தின்போதே ஊர் சிரித்தது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஆளுக்கொன்றாக இருந்த மூன்று சோற்றுக் கிண்ணங்களையும் தன் கைக்கு வாட்டமாக மேல் தட்டில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அன்று முதல் தேசிக் மூன்று வேளையும் முக்காலி போட்டு ஏறித்தான் கிண்ணம் எடுக்கிறார். கீழே இறக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கை வர வேண்டுமே! இறக்கிவிட்டால் அவள் இல்லாத சமையலறை ஆகிவிடும் என்று அந்த மனுஷனுக்கு ஒரு பயம்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க," என்றான் குவாக். "நாங்களே கட்டி, நாங்களே பிரிச்சு, எது எங்க இருந்துச்சோ அப்படியே வச்சுக் குடுத்துடுவோம். சமையல்கட்டுக்குன்னு ஒரு அக்கா வருவாங்க, தட்டுத் தட்டா போட்டோ எடுத்துக்குவாங்க. நீங்க ஒரு கரண்டியக்கூடத் தொட வேண்டாம். ஆமா, போற வீடு எப்படி?"

அங்கேதான் சிக்கல். ஒத்தி முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றுவிட்டார். தேசிக் இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருந்தார். ஒன்று ஆபீசுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. கட்டிலில் படுத்தபடியே அடுப்பை அணைக்கலாம், அவ்வளவு பெரிசு! இன்னொன்று லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. மூன்று பேர் இருக்கலாம்.

"ஒத்தை அறைன்னா ஒரு டன் லாரி, அஞ்சு லட்சம் வோன்ல முடிஞ்சிடும். மிச்சத்த எடுத்துப் போட ஆளு நானே சொல்றேன். பெரிய வீடுன்னா அஞ்சு டன். பதினஞ்சு லட்சம். ஜன்னல் வழியா சாமான் ஏத்தி இறக்க ஏணி லாரி ரெண்டு வீட்டுலயும் நிறுத்தணும், அதுக்கு மூணு. பேயில்லாத நாள்தான் வேணும்னா இன்னொரு மூணு."

"பேய்க்குமா மூணு லட்சம்?"

"பேயெல்லாம் வானத்துக்குப் போயிடுற நல்ல நாள்னு ஊரே அன்னைக்குத்தான் வீடு மாத்துது, நான் என்ன பண்ண? இந்த மாசம் அந்த நாளுக்கு ஒரே ஒரு லாரிதான் பாக்கி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க."

ஒரு டன்னா, ஐந்து டன்னா? கேள்வி லாரியைப் பற்றியது போலத்தான் இருந்தது. சோரா பள்ளியை முடித்ததும் இருவரும் திரும்பி வருவதாகப் பேச்சு. வருகிற ஜூனில் பள்ளி முடிகிறது. வருவார்கள் என்றால் ஐந்து டன். வரமாட்டார்கள் என்றால் கட்டில் யாருக்கு, கண்ணாடி மேசை யாருக்கு?

மறுநாள் காலையில் மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"சோரா அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. வீடு விஷயம் இன்னைக்கு முடிவு சொல்லணும். ரெண்டு ரூம் வீடு வெளிச்சமா இருக்கு யுன்மி. ஒரு ரூமுக்குத் தெற்குப் பார்த்த ஜன்னல், சோராவுக்குப் பிடிக்கும். ஜூன்ல நீங்க வந்துட்டா..."

"அதப் பத்தி ஞாயித்துக்கிழமை நிதானமா பேசலாமே."

"போன ஞாயித்துக்கிழமையும் இதத்தான் சொன்ன. லாரிக்காரன் மத்தியானம் வரைக்கும்தான் காத்திருப்பான்."

"உங்களுக்கு எது வசதியோ அதப் பண்ணுங்க. நல்ல நாளா பாத்துக்கோங்க. புது வீட்டுக்குள்ள குக்கரத்தான் முதல்ல கொண்டு போகணும், அரிசியோட, அப்பத்தான் வீடு விளங்கும். மறந்துடாதீங்க."

போனை வைத்துவிட்டு தேசிக் அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லையே! வரப்போகாதவளுக்கு எந்தக் குக்கர் எதற்கு முன்னால் போனால் என்ன? அக்கறை இல்லாமலா சொல்லுவாள்? ஆசைப்பட்டவன் காதில் எல்லாமே சம்மதமாகத்தான் விழும். கணக்குப் போட்டார். கையில் இருந்தது ஏழு லட்சம். பாக்கிக்கு ஒரே வழிதான். கோடையில் கனடா போய்வரச் சேர்த்து வைத்திருந்த டிக்கெட் பணம் பதினான்கு லட்சம். அவர்கள்தான் வரப்போகிறார்களே, நாம் எதற்குப் போக வேண்டும்? குவாக்கைக் கூப்பிட்டு ஐந்து டன் என்றார். யுன்மியிடம் சொல்லவில்லை. வந்து இறங்கும்போது வாய் பிளக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

குறித்த நாளில் நான்கு பேர் வந்து, விடிந்து சற்று நேரத்துக்குள் வீட்டையே பெட்டிகளுக்குள் போட்டுவிட்டார்கள். சமையலறையில் மல்சுன் அக்கா. அறுபது வயது இருக்கும், வாய் ஓயாது.

"என்ன சார் இது, கிண்ணமெல்லாம் மச்சுல ஏறி உட்கார்ந்திருக்கு? உங்க வீட்டம்மா கூடைப்பந்து ஆடுவாங்களா?"

"உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. ஜூன்ல வந்துடுவாங்க. அப்படியே வச்சுடுங்க அக்கா."

"வச்சுட்டாப் போச்சு. ஒரு இஞ்ச் நகராது பாருங்க."

கார் எப்போதோ விற்றாகிவிட்டது. அதனால் தேசிக் குக்கரை மடியில் கட்டிக்கொண்டு லாரியின் முன்சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். ஓட்டுநர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வீடு மாறும் அன்று பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று புருஷன்மார்கள் அவளுடைய செல்ல நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியில் முதலில் ஏறிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

"என்ன சார், அம்மா விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயமா? நாய்க்குட்டிக்குப் பதிலா குக்கரா?"

"அவங்க முன்னாடியே போயிட்டாங்கப்பா," என்றார் தேசிக். அவரும் சிரித்தார். லாரி கிளம்பியது.

புது வீட்டுக்குள் குக்கரோடு முதலில் நுழைந்தது அவர்தான். கூட்டிப் பெருக்கும் முன்பே அரிசி கழுவி சோற்றுக்கு வைத்தார். ஏணி வழியாகப் பெட்டிகள் ஜன்னலுக்கு ஏறி வந்தன. தெற்கு ஜன்னலடியில் சோராவின் கட்டில் உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யுன்மி வீடியோவில் வந்தாள். அங்கே இரவு.

"குக்கர் முதல்ல போச்சா?"

"போச்சு போச்சு. சோறே வெந்துக்கிட்டிருக்கு. இங்க பாரு!"

ஜூன் வரை பொறுக்க அவரால் முடியவில்லை. போனை வீடு முழுக்கத் திருப்பிக் காட்டினார்.

"அது சோரா கட்டில்தானே? அதையும் தூக்கிட்டு வந்தீங்களா?" யுன்மியின் குரல் இறங்கியது. "எவ்வளவு செலவாச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள் முக்காலியில் ஏறி நின்ற மல்சுன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். "அம்மா, நல்ல சமயத்துல வந்தீங்க! இந்தக் கிண்ணம் மூணும் பழையபடி மேல்தட்டுலதானே?"

யுன்மி சிரித்துவிட்டாள். "ஐயய்ய, அவ்வளவு உயரத்துல யாரு கொண்டுபோய் வச்சது? அவருக்கு எட்டாதே அக்கா."

"நீதான் வச்ச," என்றார் தேசிக்.

"நானா?"

"போறதுக்கு முந்தின நாள். கழுவித் துடைச்சு அடுக்கின."

யுன்மி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. "எனக்கு ஞாபகமே இல்லையே," என்றாள். பிறகு அவருக்குப் பின்னால் தெரிந்த முக்காலியைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா அதுல ஏறியா எடுத்தீங்க?"

அவர் போனை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"சோரா அப்பா, நாங்க ஜூன்ல வரல. அவ இங்கேயே காலேஜ் சேர்றா. எனக்கும் நிரந்தர வேலை கிடைச்சிருக்கு. போன மாசமே சொல்லியிருக்கணும், வாய் வரல. என்னத் திட்டுங்க."

"அதுக்கப்புறம்?"

"தெரியல. வருவோம்னு சொல்லி இன்னும் உங்கள ஏறி இறங்க வைக்க எனக்கு மனசில்ல." அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தேசிக்குக்குத் திட்ட வரவில்லை. இவ்வளவு தூரத்தில் அழுகிறவளை என்னவென்று திட்டுவது? "சாப்பிட்டுப் படு. அப்புறம் பேசலாம்," என்று மட்டும் சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டார்.

மல்சுன் அக்கா முக்காலியிலேயே நின்றாள். காது கேளாதவள் மாதிரி கிண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பேசுகிற மின்சாரக் குக்கர் தன் பொம்பளைக் குரலில் சோறு வெந்துவிட்டது, கிளறிவிடவும் என்று சொன்னது. கீழே ஏணி லாரிக்காரன் கடைசிப் பெட்டிக்கு விசில் அடித்தான்.

"சார், எங்க வைக்கட்டும்?"

தேசிக் மேல்தட்டைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேருதும் மேலேயே இருக்கட்டும் அக்கா," என்றார். "என்னுத மட்டும் கீழ குடுங்க."