பையில் மிச்சமிருந்த மூன்று காய்கள்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, தலை ஆழியாற்றிலும் வால் வால்பாறையிலுமாகப் படுத்துக்கிடந்த ஒரு டிராகனை, போத்தனூரில் உட்கார்ந்தபடியே நாங்கள் இரண்டு கிழவர்கள் இரண்டே விரல்களால் கொன்றோம். அது விட்ட கடைசி மூச்சில் பொள்ளாச்சி ரோட்டுப் புளியமரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. நம்பாதவர்கள் புவனாவைக் கேட்டுக்கொள்ளலாம். நான் மழை பெய்கிறது என்றால், வாசலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பவள் அவள்.

புவனா என் சிநேகிதன் வெங்கடபதியின் மகள். பம்பு கம்பெனி டிராயிங் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் அவன் மேஜையும் என் மேஜையும் பக்கத்தில் பக்கத்தில். சித்திரையில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சு குழறினாலும் புரியும். வலது கை மட்டும், யாரோ தோளில் மாட்டிவிட்டு மறந்துபோன சாமான் மாதிரித் தொங்கியது.

ஆடியில் புவனா போன் செய்தாள்.

"ஏனுங்க மாமா, அப்பா கைப்பயிற்சியே வேண்டாங்கறாருங்க. பயிற்சி குடுக்க வர்ற புள்ளைய இந்த மாசத்தோட நிறுத்திப்போடுங்கறாரு. இப்ப உட்டுட்டா அப்பறம் கை வரவே வராதுன்னு டாக்டரு சொல்றாருங்க. ஏதாச்சும் வழி சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்லீங்க."

என் பெருமை ஊருக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

எனக்கு உடனே செங்காடன் ஞாபகம் வந்தான்.

எண்பத்தாறில் எங்கள் கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். மாயாஜால ஆட்டம் ஒன்றின் விதிப்புத்தகம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் நுழைவார்கள். வாள் பட்டதா, நெருப்பு சுட்டதா என்பதை ஒன்று முதல் இருபதுக்குள் விழும் எண் சொல்லும். பெரிய எண் வந்தால் பிழைத்தோம். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் இருந்த பொங்கியண்ணன் அதை டவுன்ஹால் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். கடைக்காரன் ஒரு பக்கத்தை விட்டுவிட்டான். இருபது முகப் பகடையைப் பற்றிச் சொல்லும் பக்கம் அதுதான்.

அப்படியொரு பகடையை நாங்கள் கனவிலும் கண்டதில்லை. தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட காய்களை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தோம். தம்போலாவில் எடுத்த காயைத் திரும்பப் போடுவதில்லையே, நாங்களும் போடவில்லை. பை காலியான பிறகுதான் எல்லாம் உள்ளே போகும். அதனால் எங்கள் ஆட்டத்தில் தோற்கத் தோற்கத் தைரியம் கூடும். பத்துத் தடவை அடிபட்டவனுக்கு நல்ல காயெல்லாம் உள்ளே பத்திரமாகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இது தப்பு என்று ஆடிய எட்டு வருஷமும் எங்களுக்குத் தெரியாது.

வெங்கடபதியின் வீரன்தான் செங்காடன். தொண்ணூற்று நாலில் வால்பாறை மலையின் நாற்பதாவது வளைவில் அவன் டிராகனுக்கு எதிரே நின்றபோது, கதையை நடத்திய பொங்கியண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்து, அடுத்த ஞாயிறு வருவதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார். பையில் மூன்று காய்கள் மிச்சம். முடிச்சுப் போட்டு என் வீட்டுப் பரணில் வைத்தோம்.

அந்த ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்தால் காய் எடுக்கவாவது அவன் கையை அசைப்பான் என்றேன். "நான் ஆட்டத்தை நடத்தறேனுங்க மாமா" என்றாள் புவனா. அவள் ஆபீஸ் சிநேகிதர்களோடு சனிக்கிழமைகளில் அதே ஆட்டத்தின் புது வடிவத்தை ஆடுபவள். "ஆனா எனக்குப் புது விதிதான் தெரியும். செங்காடனை நீங்கதான் மாத்திக் குடுக்கோணும்."

அங்குலத்தில் இருந்த ஒரு லட்சம் பம்பு வரைபடங்களை மில்லிமீட்டருக்கு மாற்றியவன் நான். செங்காடன் எம்மாத்திரம்? அவன் கணக்கெல்லாம் எழுதிய தாளை ஒரே மத்தியானத்தில் முடித்து நீட்டினேன். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கவசம் ரெண்டுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா, அம்மணி. முழு இரும்பு. எண்ணு கொறையக் கொறைய உறுதி."

"அது பழைய கணக்குங்க. புதுசுல கூடக் கூடத்தான் உறுதி. இந்த ரெண்டை வெச்சுக்கிட்டுப் போனா கொசு கடிச்சே செத்துப்போவாருங்க. இருபதுல இருந்து கழிச்சுப் போடுங்க."

பதினெட்டு என்று திருத்தினேன். கவசம் சரியாயிற்று. பகடைதான் தகராறு செய்தது.

அவள் தன்னுடைய நீலப் பகடையை அப்பாவின் முன்னால் வைத்தாள். வெங்கடபதி இடது கையால் அதைத் தள்ளிவிட்டான்.

"என்ர இருபது பைக்குள்ள இருக்குது. முப்பது வருசமா."

"பகடைக்கு ஞாபகமெல்லாம் இருக்காதுங்கப்பா. முன்ன என்ன வுழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசு."

"அதான் அம்மணி, பயமா இருக்குது" என்றான்.

புவனா பகடையை எடுத்துவைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவனுக்குக் கெட்ட புத்தி வந்தது. பையைப் பிரித்து மூன்று காய்களிலும் இருபது என்று எழுதிவிட்டால்? பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் என் வரைபடங்களில் தப்புக் கண்டுபிடித்தவன் அவன். இதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கையை அதற்கப்புறம் யாராலும் தூக்க முடியாது. பேனாவை மூடிவிட்டுப் புது விதியையே மறுபடி புரட்டினேன். பழைய விதியில் வீரனின் உயிர்க்கணக்கு பூஜ்யமானால் செத்தான். தாளை இரண்டாகக் கிழித்துவிட வேண்டும். புது விதியில் அப்படி இல்லை. விழுந்து கிடப்பான். மூன்று முறை சின்ன எண் விழுந்து தவறினால்தான் சாவு. நடுவில் இருபது விழுந்தால் எழுந்துவிடுவான்.

பை அவன் விதிப்படி, சாவு இவள் விதிப்படி என்று பேசி முடித்தேன். புவனா ஒரு நிபந்தனை போட்டாள்.

"பையை நான்தானுங்க புடிச்சுக்குவேன். உங்க கை அது பக்கமே வரக்கூடாது. அப்பா வலது கையிலதான் எடுக்கோணும்."

அந்த ஞாயிறு வந்தது. பிஸ்கட் டின்னில் இருந்த பழைய காய்கள் பதினேழையும் மேஜையில் அடுக்கினோம். இல்லாதவை ஒன்று, இரண்டு, இருபது. வெங்கடபதியின் கை மேஜைமேல் கிடந்தது. புவனா பையை அதன்மேல் உறைபோல மாட்டிக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பையை உருவினாள். விரல்களுக்கிடையில் ஒரு காய். துணிக்கு வெளியே அவள் கட்டைவிரல் நகர்ந்ததை நான் பார்த்தேன். உடனே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்று. டிராகன் ஊதிய நெருப்பில் செங்காடன் விழுந்தான்.

"தாளைக் கிழி" என்றான் வெங்கடபதி.

"இது புது விதிடா. வுழுந்துதான் கெடக்கறே. இன்னும் சாகல."

மறுபடி பை, மறுபடி காத்திருப்பு. அவன் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. பையை உருவினாள். இரண்டு. தவறியது.

உள்ளே மிச்சம் இருப்பது எது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இருபதுதானுங்களே" என்றாள் புவனா மெதுவாக. "எந்திரிச்சுட்டாருன்னு எழுதிக்கலாங்கப்பா."

"எடுக்காம எழுதாத."

மூன்றாவது தடவை பையை மாட்டினாள். ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கை மரத்துப்போனது. புவனாவின் விரல்கள் துணியை நோக்கிப் போயின. என் கண் மின்விசிறிக்குத் தாவியது. திரும்பியபோது பை அவள் மடியில் கிடந்தது. வெங்கடபதியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருபது.

"எந்திரிச்சான்டா செங்காடன்!" என்று கத்தினேன். அதற்கப்புறம் நடந்த சண்டை, புளியமரம் எல்லாம் நான் அங்கேயே கட்டிச் சொன்னதுதான். அவன் அதையெல்லாம் கேட்கவில்லை. மகளையே பார்த்தான்.

"நீ குடுத்தியா?"

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"நீயே எடுத்தேடா, நான் பாத்தேன்" என்றேன்.

"நீ சொல்லாத, மூர்த்தி. நீ பொய் சொல்லுவே." காய் விரலிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. "நாளைக்கு அந்தப் பயிற்சிப் புள்ளைய வர வேண்டாம்னு சொல்லிப்போடு."

வாழ்நாளெல்லாம் அளந்துவிட்டவன், அன்றைக்கு மட்டும் என் வார்த்தை செல்லுபடியாகாதா என்று தவித்தேன். செல்லவில்லை.

புவனா ஈர முகத்தோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மொத ரெண்டு தடவையும் நான்தானுங்கப்பா வெரலுக்குள்ள வெச்சேன். மாமா எப்பவும்போலப் பொய் சொல்றாருங்க. அவரு மேல ஃபேனைத்தான் பாத்துட்டிருந்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவதும் வெக்கலாம்னுதான் கையைக் கொண்டுபோனேனுங்க. துணிக்கு வெளிய தடவிப் பாத்தா, நீங்க முன்னாடியே புடிச்சிருந்தீங்க."