வேனுக்கு வந்த நாலாவது வரன்

இந்த ஊரில், வேனில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும் சைக்கிள் ரேக்கை யாரும் கடையில் போய் வாங்குவதில்லை. ரேக்தான் வேனைப் பார்க்க வீட்டுக்கு வரும். பிடித்திருந்தால் நாள் குறித்து, வேனின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டோ பார் கம்பியில் ஏறிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்துவிடும். லெட்டர் வராது.

கோகிலவாணியின் வேனை இதுவரை மூன்று ரேக்குகள் பார்த்துவிட்டுப் போயிருந்தன. முதலில் வந்தது, வேன் குள்ளம் என்றது. இரண்டாவது, சாயும் வகை. சைக்கிளோடு அப்படியே சாய்ந்து கொடுத்துப் பின்கதவைத் திறக்க வழிவிடும் என்று தரகர் சென்னியப்பன் வாய் ஓயாமல் புகழ்ந்தார். அது வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பின்கதவு வைத்த வேன் சும்மா சும்மா திறந்து மூடும், நம் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லியனுப்பியது. மூன்றாவதற்கு ஜாதகமே பொருந்தவில்லை. டோ பார் நுனியில் இருக்கும் உருண்டை எழுபத்தைந்து கிலோ தாங்கும். ரேக் வீட்டார் தொண்ணூறு கிலோவாவது தாங்க வேண்டும் என்றார்கள்.

மூன்று தடவையும் கோகிலவாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னும் ஒன்பது நாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் எந்த ரேக்கும் வீட்டை விட்டு இறங்காது.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல் கிடக்க, நடுவில் ஓடும் ரோட்டில் தன் சைக்கிளைத் தானே மிதிக்க வேண்டும். காலேஜுக்கு மிதித்த சைக்கிள் அது. கல்யாணமாகி வந்த அன்று, "எங்கூட்டுப் பொம்பளைங்க சைக்கிள் மிதிக்கறதில்லை" என்று மாமியார் சொன்னதால் அது அப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் நின்றது. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, இந்தச் சித்திரையில்தான் கொண்டுவந்து செயின் மாற்றி, டயர் போட்டு, கிரீஸ் வைத்தாள். வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் அளவெடுத்த அவள் கணவன் தண்டபாணி, சைக்கிளுக்கு மட்டும் இடம் விட மறந்துபோனான். உள்ளே ஏற்றினால் ஹேண்டில் பார் அடுப்பில் இடித்தது. "அங்க போய் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கலாமே" என்றான். அதற்காக இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

தண்டபாணி அவளைப் பெண் பார்க்கப் பத்தாவதாக வந்தவன். அவனுக்கு முன்னால் ஒன்பது பேர் லெட்டர் போடுகிறோம் என்று போயிருந்தார்கள். அவனுடைய அம்மா, வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டச் சொன்னாள். நடந்தாள். போகும்போது தட்டில் ஆறு பஜ்ஜி இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவளே அவள்தான். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு இருந்தன.

நாலாவது வரன் வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடிந்ததும் ஆட்டோவில் வந்து இறங்கியது. சென்னியப்பன் முன்னால் வந்தார். பின்னால் ரேக். அதற்கும் பின்னால் ரேக்கின் அத்தை, பட்டுப்புடவையும் கையில் ஒரு டார்ச் லைட்டுமாக. ரேக் வேட்டி கட்டியிருந்தது. சோபாவில் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தண்டபாணி ஃபேனைக் கூட்டி வைத்தான்.

அத்தை பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே வெளியே வந்து, குனிந்து, வேனுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"துருப் புடிச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க, எல்லாம் புது பெயின்ட்டுங்க" என்றான் தண்டபாணி.

"பெயின்ட் அடிச்சா துரு இல்லைன்னு ஆயிருமா? ஒருக்கா ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க. நடை எப்படின்னு பாக்கோணும்."

கோகிலவாணி ஏறி உட்கார்ந்து வேனைப் பின்னால் எடுத்தாள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், குரல் கேட்க வேண்டுமாம். அடித்தாள். கொஞ்சம் நேரம் கூடுதலாகவே அடித்தாள். குரல் பரவாயில்லை, ஆனால் அடக்கம் போதாது என்றாள் அத்தை.

மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அத்தை முறைகளைப் பேச ஆரம்பித்தாள். ரேக் ஏறினால் வண்டியின் நம்பர் பிளேட் மறைந்துபோகும். அதனால் இனிமேல் வண்டி ரேக் வீட்டு நம்பரில்தான் ஓட வேண்டும்.

"அதுக்கென்னங்க, முறைதானுங்களே" என்றான் தண்டபாணி.

அந்த நம்பருக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் மூன்று நாள் நின்றவள் கோகிலவாணி. கூட்டினால் அவளுடைய பிறந்த தேதி வரும். அவள் கேசரிக் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டு இதையும் விழுங்கினாள்.

"ஏத்தப்போற பொருளையும் பாத்துப்போடலாம்" என்றாள் அத்தை.

கோகிலவாணி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினாள். காலையில்தான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"என்னங்க இது, லேடீஸ் சைக்கிளு. நடுவால பாரே இல்லை. பாரைப் புடிச்சுத் தொங்கப்போடறதுதானுங்க எங்க பையன் வேலை. இதுல அவன் எதைப் புடிப்பான்?"

சென்னியப்பன் அவசரமாகக் காபியைக் கீழே வைத்தார். "பார் போட்டு அனுப்பிச்சிருவாங்க. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவால மாட்டறாப்ல தனியா விக்குதுங்க. வேணுங்கறப்ப மாட்டிக்கலாம், வேண்டாங்கறப்ப கழட்டிக்கலாம்."

"மாட்டறது கழட்டறதெல்லாம் நம்ம பக்கம் வழக்கமில்லை. வெல்டிங் வெச்சிருங்க. நிலையா இருக்கோணும்."

வெல்டிங் வைத்துவிட்டால் சேலை கட்டிய ஒருத்தி அந்தச் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. இது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தண்டபாணிக்கும் தெரியும்.

"சரிங்க. வெச்சுப்போடலாம்" என்றான் தண்டபாணி.

இருபத்திரண்டு வருடக் கோபம் மொத்தமாக மண்டைக்கு ஏறியது. கோகிலவாணி கரண்டியைத் தட்டில் போட்டாள். நேராக ரேக்கிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை. வந்ததுலருந்து வாயே தொறக்கல. உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குப் பார் வேணுமா, வேண்டாமா?"

ரேக் அத்தையைப் பார்த்தது.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கிணற்றடியிலிருந்து திரும்பி வந்து நின்றபோது, பொண்ணு பிடித்திருக்கிறதா என்று அவளுடைய அப்பா கேட்டார். பஜ்ஜி மென்றுகொண்டிருந்த தண்டபாணி அன்றைக்குத் தன் அம்மாவைப் பார்த்தது இதே பார்வைதான்.

"எந்திரிங்க" என்றாள்.

"அம்மிணி, கொஞ்சம் பொறுமையா..." என்றார் சென்னியப்பன்.

"நீங்களும் எந்திரிங்க. குள்ளம்னாங்க, கேட்டுக்கிட்டேன். கதவு ஆகாதுன்னாங்க, கேட்டுக்கிட்டேன். நம்பரை மாத்துன்னாங்க, அதையும் கேட்டுக்கிட்டேன். ஏறி மிதிக்கற எனக்கே குறுக்கால கம்பி வெச்சு அடைக்கச் சொல்றீங்க, இங்க உக்காந்துட்டு என்னோட பஜ்ஜியையும் தின்னுட்டு! அந்தத் தட்டைக் கீழ வைங்க."

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். ரேக் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது, இனி ஆவணியில்தான் வரன் என்று சென்னியப்பன் சொல்லிவிட்டுப் போனார். ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது.

"இப்ப எப்படிப் போறது?" என்று கேட்டான் தண்டபாணி.

"நீங்க ஏறுங்க."

அவன் சுவரில் மாலை போட்டிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தான். படம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

அரிசி மண்டியில் எடை பார்த்தார்கள். தண்டபாணி ஐம்பத்தாறு கிலோ, சைக்கிள் பதினெட்டு. எழுபத்தைந்துக்கு ஒரு கிலோ மிச்சம் இருந்ததால் ஊர் திரும்பும்வரை அவனுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது என்று முடிவானது. நம்பர் மறைகிறதே என்று, அவன் பனியனின் முதுகில் வேனின் அதே நம்பரைக் கறுப்பு பெயின்ட்டில் எழுதினாள். இடுப்பின் இரண்டு பக்கமும் சிவப்பு விளக்குக் கட்டினாள். மறுநாள் விடிந்ததும் அவன் டோ பார் உருண்டையில் இரண்டு பாதங்களையும் வைத்து ஏறி, கதவைப் பார்த்து நின்று, கைகளை நீட்டினான். ஒரு கை ஹேண்டிலையும் ஒரு கை கேரியரையும் பிடித்துக்கொண்டது. பார் தேவைப்படவில்லை.

வழியில் ஒரு சுங்கச்சாவடியில் வேனைச் சுற்றிப் பார்த்த ஊழியர், "இது சாயுற வகையாம்மா?" என்று கேட்டார். கோகிலவாணி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். தண்டபாணி சைக்கிளோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தான். பின்கதவு தடங்கலில்லாமல் திறந்தது. மழைக்கு முன்னால் மூட்டுகளில் எண்ணெய் விடுங்கள் என்று சொல்லி ஊழியர் கம்பத்தைத் தூக்கினார்.

தனுஷ்கோடியில் வெயில் சுள்ளென்று இருந்தது. அவன் கைகளிலிருந்து சைக்கிளை இறக்கி, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். இடது பக்கம் கடல் சும்மா கிடந்தது, வலது பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. கோபம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஆனால் எதிர்க்காற்றில் மிதிப்பதற்கு அது நன்றாக உதவியது. ரோடு முடியும்வரை போய், கடலைப் பார்த்து மூன்று முறை பெல் அடித்துவிட்டுத் திரும்பினாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் நெடுநாளாய் அறிந்ததில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது வேனுக்குப் பக்கத்தில் இன்னொரு வேன் நின்றிருந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் தண்டபாணியைச் சுற்றி வந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளை இறக்கிய பிறகும் அவன் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"இது உங்களோடதாம்மா? நாங்களும் எங்க வண்டிக்கு ஆறு மாசமாப் பார்க்கிறோம். ஒண்ணும் அமையல. ஆடிக்குள்ள முடிச்சிரணும். தப்பா நினைக்காதீங்க, ஒரு நடை நடந்து காட்டச் சொல்றீங்களா?"

தண்டபாணி கோகிலவாணியைப் பார்த்தான்.

கோகிலவாணி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். எதிரில் இருந்த கடையில் ஒரு பிளேட் பஜ்ஜி சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு பஜ்ஜி வந்தது.

"அந்த இடிஞ்ச சுவர் வரைக்கும்" என்றாள்.

தண்டபாணி டோ பாரிலிருந்து இறங்கி, நீட்டிய கைகளோடு மணலில் நடந்தான். கண்ணாடி அம்மாள் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு இருந்தன.