மெயினை அணைத்த பிறகும்

மெயினை அணைத்த பிறகும் சுவர் முனகிக்கொண்டிருந்தது.

நான் எலக்ட்ரீஷியன். சுவருக்குள்ளிருந்து ‘உம்ம்’ என்று ஒரு சத்தம் வந்தால் அது என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்காவது ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் எவனோ ஒரு புண்ணியவான் பழைய வயரை உயிரோடு உள்ளே விட்டுவிட்டு மேலே பூசிவிட்டுப் போயிருப்பான். கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்த அந்தச் சுவரில் காதை வைத்த அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். முகம் தெரியாத அந்தப் புண்ணியவானை வாய் வலிக்கத் திட்டினேன். போன வாரம் நானே போட்ட வயரையெல்லாம் நானே உருவி எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் வீட்டுக்கே மின்சாரம் இல்லாமல் செய்துவிட்டு, ஹீட்டர் அடங்கி, குழாய்த் தண்ணீர் உறைவதற்குள் முடிக்க வேண்டுமே என்று பதறிக்கொண்டு மறுபடி காதை வைத்தால், அதே ‘உம்ம்’. என் மனைவி கோட்டுக்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் கடைசியாக எதைக் கழற்றப் போகிறார் என்று காத்திருக்கிற பார்வை.

புத்தியுள்ள யாரும் பனிக்காலத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்ட மாட்டார்கள். வெயில் வரட்டும் என்று எல்லாரும்தான் சொன்னார்கள். எங்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை, ‘சரி’. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவர்களையெல்லாம் சத்தம் போட்டே காலம் தள்ளியவர். வாழ்நாளில் யார் சொன்னதற்கும் சரி சொன்னதில்லை. இப்போது தண்ணீர் வேண்டும் என்றாலும் ‘சரி’தான், ஊசி வேண்டாம் என்றாலும் ‘சரி’தான். கோபம் வந்தால் ‘சரி சரி சரி’ என்று கட்டிலை இடக்கையால் குத்துவார். பார்த்தால் சிரிப்பு வரும், சிரிக்க மாட்டோம்.

சனிக்கிழமைக்குள் அவரை அழைத்துப் போக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் நகரத்துக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லம். என் மனைவி அதே மருத்துவமனையில் நர்ஸ். அந்த இல்லத்துக்குப் போனவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். உன்னை அங்கே விட மாட்டேன் என்று அப்பாவின் காதில் சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றிருக்கிறார். முன்னறையை அவருக்காகவே தயார் செய்தோம். அறையோடு ஒட்டிக் குளியலறை கட்டினோம். பாக்கியிருந்தது ஒரே வேலைதான். கூடத்திலிருந்து முன்னறைக்குள் போகும் வாசற்படி அந்தக் காலத்தது, ஒல்லியாக ஒரு ஆள் நுழையலாம். சக்கர நாற்காலி நுழையாது. அதனால் அதை ஒட்டிய சுவரைக் கொஞ்சம் உடைத்து வழியை அகலப்படுத்த வேண்டும். முனகிக்கொண்டிருந்தது அந்தச் சுவர்தான்.

சுவிட்ச் பெட்டி பதிக்கிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டேன். அது கல்சுவர் இல்லை, மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் பலகை அடித்துப் பூசியது, நடுவே வெற்றிடம். பலகைத் துண்டு கையோடு வந்ததும் என் முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. வீடே ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்போது சுவருக்குள்ளிருந்து யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டதுபோல இருந்தது. மெழுகு வாசனையும் தேன் வாசனையும் சேர்ந்து வந்தன. டார்ச் அடித்தேன். பழுப்பு நிறத்தில் பளபளப்பாக ஒன்று தெரிந்தது. கருகிப்போன வயர் உறை என்றுதான் அப்போதும் நினைத்தேன், தொழில்புத்தி அப்படி. பிறகு அந்தப் பழுப்பு மெல்ல நகர்ந்தது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக, இறக்கையோடு இறக்கை ஒட்டி, ஆயிரக்கணக்கில் தேனீக்கள். கீழே என் டார்ச் எட்டிய வரைக்கும் அடைகள், மேலே எட்டிய வரைக்கும் அடைகள். ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றேன்.

“ஷாக் அடிச்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவள் ஓடி வந்தாள்.

ஷாக்தான், ஆனால் மின்சாரம் இல்லை என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. ஒரு வெற்று சுவிட்ச் தகட்டை வைத்து ஓட்டையை மூடச் சொன்னாள். பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், பிறகு அதற்கு மேலே, பிறகு கீழே, நோயாளியின் முதுகில் வைத்துக் கேட்பதுபோல. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தை எத்தனையோ விதத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. குழாயை என் காதில் மாட்டிவிட்டாள். தனித்தனியாக ஒரு சிறகடிப்பும் கேட்கவில்லை. ஏறி இறங்காமல், களைக்காமல், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“கூட்டம் மாதிரியே இல்லங்க,” என்றாள். “ஒரே ஆள் மாதிரி இருக்கு.”

மறுநாள் தேனீ வளர்க்கிற ஒரு அம்மாள் வந்தார். சளி பிடித்த குரல், கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே பேசினார். பல வருஷத்துக் கூடாக இருக்கும், இந்த அளவுக்குத் தான் பார்த்ததே இல்லை என்றார். பனிக்காலத்தில் அவை தூங்குவதில்லையாம். உருண்டையாக ஒட்டிக்கொண்டு உடம்பை நடுக்கி நடுக்கியே சூடு உண்டாக்குமாம். வெளியே உறைபனி, நடுவில் மனித உடம்பின் சூடு. வெளிவிளிம்பில் குளிர்கிறவை மெல்ல உள்ளே போகும், உள்ளே இருந்தவை வெளியே வரும், யாரும் யாரையும் விரட்டுவதில்லை. இப்போது சுவரைத் திறந்தால் என்ன ஆகும் என்று என் மனைவி கேட்டாள். சாயந்திரத்துக்குள் எல்லாம் செத்துவிடும் என்று அந்த அம்மாள் மழுப்பாமல் சொன்னார். பனி விலகியதும் வந்து பத்திரமாக எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எனக்கு அந்தச் சுவரில் கை வைக்க மனமில்லை. அதைச் சொல்லவும் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அவள் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். ஓங்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு அதுங்க மேல இரக்கமா, இல்ல எங்கப்பா இங்க வரக்கூடாதுன்னு இருக்கா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

தேனீக்கள் மேல்தான் இரக்கம் என்று வாய் வரை வந்தது. முழு உண்மையாக இருந்திருந்தால் வெளியேயும் வந்திருக்கும். மனிதர், நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கே, பல்பு மாட்டுகிறவனுக்கா என் பெண் என்று என் காதுபடக் கேட்டவர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்துப் பார்ப்பார், ஒன்றாவது எரியாமல் போகாதா என்கிற ஆசையோடு. அவரை என் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை என்று சொன்னால் சுவரே சிரிக்கும். நான் குனிந்து, தரையில் கிடந்த பலகைத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தேன். அவளுக்கு அந்தப் பதில் புரிந்தது. சம்மட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு முன்னறைக்குள் போய்விட்டாள். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

இடித்த குப்பையையாவது வெளியே கொட்டலாம் என்று வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போனேன். முன்னறையில் தெருவைப் பார்த்த மாதிரி பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. வாசற்படி குறுகல் என்பதால் குப்பையெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போனது, பலகைகளெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தன. ஐந்தாவதோ ஆறாவதோ வாளியைக் கவிழ்க்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. குளியல் தொட்டியும் இந்த வழியாகத்தானே வந்தது? ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்க உத்தரம் ஏற்கெனவே இருக்கிறது. கீழே உள்ள சுவரை மட்டும் தரை வரை அறுத்தால் அது ஜன்னல் இல்லை, வாசல். இத்தனை நாள் கண்ணெதிரே இருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. டேப்பை எடுத்து அளந்தேன். கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கப்பாவைக் குளியல் தொட்டி மாதிரி கொண்டு வரணும்ங்கறீங்களா?”

“தொட்டியை விட உங்கப்பா அகலம் கம்மிதான்,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் டேப்பை மடக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இந்தக் குளிரில் கலவை இறுகாது, உறைந்து பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்றார். குளிர் என் பாடு, பூச்சு உங்கள் பாடு என்றேன். ஜன்னலைச் சுற்றி உள்ளேயும் வெளியேயும் தார்ப்பாய் கட்டிக் கூடாரமாக்கி, என்னிடம் இருந்த சூடு தரும் விளக்குகளையெல்லாம் வரிசையாகத் தொங்கவிட்டேன். தெருவில் போகிறவர்கள் உள்ளே கல்யாணமா என்று கேட்டார்கள். தேனீச் சுவர் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் முன்சுவரோடு சேர்கிறது, அதனால் இயந்திரம் கூடாது. உளியால் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தோம். என் மனைவி வேலையிலிருந்து வந்த கையோடு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிடுவாள். சத்தம் கூடினால் கையைத் தூக்குவாள், நாங்கள் நிறுத்துவோம். அடங்கியதும் தலையை ஆட்டுவாள், தொடங்குவோம். இதில் நோயாளி உங்கள் அப்பாவா சுவரா என்று கொத்தனார் சலித்துக்கொண்டார். ஆனாலும் அவர் உளி முன்னைவிட மெதுவாகத்தான் இறங்கியது.

விரல் மரத்துப்போகிறவர் அடுப்படிக்குப் போய்ச் சூடு காய்வார், காய்ந்தவர் வந்து உளியை வாங்கிக்கொள்வார். யார் போவது யார் வருவது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கலவையில் நகத்தால் கீறிப் பார்த்தார் கொத்தனார். கீறல் விழவில்லை. ‘ம்’ என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

சனிக்கிழமை மாமனாரைக் கொண்டுவந்தார்கள். தெருவிலிருந்து புது வாசலுக்கு ஏறும் பலகையில் பனி உறைந்து வழுக்கியதால், நாற்காலியோடு தூக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், கொத்தனார், நான். ஆளுக்கு ஒரு மூலை. எல்லாரும் ஆளாளுக்குக் கத்தினோம், நாற்காலி சாய்ந்தது. அப்போது மாமனாரின் இடக்கை மேலே போனது. விரல்களை மடக்கி நிறுத்தினார். நாங்களும் நின்றுவிட்டோம். உள்ளங்கை கீழே பார்த்து மெல்ல அசைந்தது. இறக்கினோம். சுட்டுவிரல் மேலே பார்த்துச் சின்னதாக வட்டமிட்டது. தூக்கினோம். பிறகு என் பக்கம் நீண்டு ஒரு வெட்டு வெட்டியது. நான் நகர்ந்தேன், நகர்ந்ததும் நாற்காலி நேரானது. துறைமுகத்தில் தனக்குக் கீழே இருந்து காட்டப்பட்ட சைகையெல்லாம் அந்தக் கைக்கு மறக்கவில்லை. தன்னைத் தானே தூக்கி, தானே திருப்பி, எங்கேயும் இடிக்காமல் அறைக்குள் இறக்கிக்கொண்டார் மனிதர். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கட்டிலை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தோம். உள்ளே இருப்பதை என் மனைவி அவருக்கு நிதானமாக விளக்கினாள். எல்லாவற்றுக்கும் சரி என்றார். அது எந்தச் சரி என்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து தூங்கும்போது தலையைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், பனி அப்படியே கிடக்க, வெயில் மட்டும் வந்தது. அறைக்குக் காற்று வரட்டும் என்று புது வாசலைத் திறந்தேன். தேனீச் சுவர் முன்சுவரோடு சேரும் இடத்தில், கூரை விளிம்புக்குக் கீழே இருந்த வெடிப்பிலிருந்து ஒரு தேனீ வெளியே வந்தது. அடுத்தது இன்னொன்று. கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளைப் பனிக்கு மேலே காற்றே பொன்னாக மின்னியது. வாரக்கணக்கில் அடைந்து கிடந்தவை வெயிலில் சுற்றிச் சுற்றி வட்டமிட்டன, பனியில் மஞ்சள் மஞ்சளாக எச்சமிட்டுப் புள்ளி வைத்தன. என் மனைவி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். அப்பாவுக்குக் குளிருமே என்று கதவைச் சாத்தப் போனாள். மாமனார் இடக்கையை உயர்த்தி விரல்களை மடக்கினார். அவள் நின்றுவிட்டாள்.

ஒரு தேனீ வழி தவறி உள்ளே வந்து அவருடைய வலக்கைமேல் உட்கார்ந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை. நாங்கள் கழுவினாலும் துடைத்தாலும் வேறு யாருடைய கையோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். போர்வைக்கு வெளியே கிடந்த அதன்மேல் தேனீ நடக்க ஆரம்பித்தது. மணிக்கட்டில் நின்று இறக்கையைத் துடைத்தது. நரம்பு புடைத்த இடத்தில் ஏறி இறங்கியது. கொட்டிவிடுமோ என்று நான் ஓரடி எடுத்து வைத்தேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கழுத்தைத் திருப்பி, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேனீ ஆள்காட்டி விரல் நுனிக்குப் போனது. வெயில் வந்து அந்த நகத்தில் விழுந்தது. வெளியே பனிக்குமேல் அவை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.