இருபது நாள் கோடு

அந்த வீட்டு முன்னறையில் ஒரே மேஜை. ஒரு பாதியில் அவள் தையல் மிஷின், மறுபாதியில் அவள் புருஷனின் கம்ப்யூட்டர். அவள் தைப்பது ஊரார் உடுப்பு. அவன் பார்ப்பது யூரோவின் விலை; கைப்பணத்தைப் போல் பல மடங்குக்கு யூரோ வாங்கி, விலை ஏறினால் விற்கிற வியாபாரம். மனம் போன போக்கில் வாங்கி இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்ட மகராசன் அவன். அப்படியும், தனியாகத் தையல் கடை போட முன்பணம் என்று சேர்த்ததை அவனை நம்பிக் கொடுத்தாள் பாருங்கள், அவள் மனசு பெரிய மனசுதான். ஒரே ஒரு நிபந்தனை: சுவரில் ஒட்டிய தாளில் உள்ளபடிதான் வாங்க வேண்டும்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். கடைசி இருபது நாள் விலையின் சராசரி ஒரு கோடு, ஐம்பது நாள் சராசரி இன்னொரு கோடு. தினமும் பழைய நாள் ஒன்று கழிந்து புது நாள் ஒன்று சேர, கோடுகள் நகரும். இருபது நாள் கோடு மற்றதைக் கீழிருந்து வெட்டி மேலே வந்தால் ஏறுமுகம், வாங்கலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

உட்கார்ந்தான், உட்கார்ந்தான், இரண்டு மாதம் உட்கார்ந்தான். கோடு வெட்டுவேனா என்றது. ஒரு காலையில் பொறுமை போயே போய்விட்டது. இருபதை அழித்துவிட்டுப் பதினைந்து போட்டுப் பார்த்தான். ஊஹூம். பத்து. ஊஹூம். ஏழு போட்டான்.

"வெட்டிடுச்சு! ஏழு மேல வந்துடுச்சு!" என்று குதித்தான்.

மிஷின் நின்றது.

"ஏழா? நேத்து வரைக்கும் இருபதுன்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. ஏழு போட்டா சீக்கிரமே சொல்லிடும்."

"எனக்குப் புரியாதுதான். ஆனா துணி பத்தலைன்னு யாராவது டேப்பை மாத்துவாங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் பழையபடி இருபதைப் போட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் யூரோ மளமளவென்று சரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தான். அன்றைக்கு வாங்கியிருந்தால் கடை முன்பணத்தில் பாதி அம்போ. நாற்காலியைத் தள்ளிவிட்டு மிஷின் பக்கம் வந்தான்.

"நீ மட்டும் கேக்கலைன்னா நாம அவ்வளவுதான். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"போதும், போதும். இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க" என்றாள். கோத்துக் கொடுத்தான். நாலு தடவை தவறி ஐந்தாவதில்தான் நூல் நுழைந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் மிஷினை நிறுத்தாமலே கேட்பாள்.

"எத்தனை?"

"இருபது."

"வெட்டுச்சா?"

"இல்லை."

ஆறாவது வாரம் வெட்டியது. அவளே எழுந்து வந்து பார்த்த பிறகுதான் வாங்கினான். அந்த ஏற்றம் மூன்று மாதம் நீடித்தது. விற்ற லாபத்தில் கடையும் வந்தது.

சாவி வாங்கிய அன்று காலியான கடைக்குள் சுற்றிப் பார்த்தபடி அவள் கேட்டாள், "இடம்தான் தாராளமா இருக்கே, இனிமே ஆளுக்கொரு மேஜை போட்டுக்கலாமா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்! அப்புறம் நான் ஏழு போட்டா யாரு கேப்பா?"