முதலில் காற்று கேட்டது யார்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மாடிப்படியில். ஒட்டுக்கேட்கவில்லை, படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். (காலையிலும் துடைத்த அதே படி என்பது வேறு விஷயம்.)

மேல்வீட்டில் ஒரு பல் டாக்டர், அவள் கணவர், கணவரின் தங்கை. தங்கைக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் வேலை. அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. காரணம், காணாமல்போன ஒரு மிக்ஸி மூடி. பேச்செல்லாம் அந்த மனிதர் வழியாகத்தான். "உங்க தங்கச்சிய அந்தக் குக்கரை அணைக்கச் சொல்லுங்க." குக்கர் தங்கையின் கையெட்டும் தூரத்தில் விசிலடித்துக்கொண்டிருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'நீலக் கடல் அமைதியாக விரிந்து—'

வேண்டாம். கணுக்கால் நனைந்ததோடு கடலுக்கும் எனக்கும் சரி.

இரண்டாவது: 'உறவுகளும் ஆழ்கடலைப் போலத்தான், உள்ளே—'

இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

நேராகவே சொல்கிறேன். விடுமுறைக்குப் போன இடத்தில் மூவரும் ஸ்கூபா டைவிங் வகுப்பில் சேர்ந்தார்கள். படகு ஆடியதும் அந்த மனிதர் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார். தூது போக ஆளில்லை. கடலுக்கடியில் தனியாகப் போகவும் கூடாதாம், ஜோடி வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் ஜோடி" என்றார் பயிற்சியாளர்.

"அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றாள் டாக்டர்.

"அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரின்னு சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

"கீழ போனா நான் இப்படி நடுவுல நின்னு சொல்ல முடியாதும்மா. என் வாயிலயும் குழாய் இருக்கும்."

(பயிற்சியாளருக்கு முதலில் பெரிய மீசை வைத்திருந்தேன். மீசை இருந்தால் முகமூடிக்குள் தண்ணீர் கசியும் என்றாள் நாத்தனார். மழித்துவிட்டேன்.)

3

தண்ணீருக்குள் இழுத்த முதல் மூச்சைப் பற்றி இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். சொன்னது ஒன்றேதான்: "அக்கா, மூச்சு விட்டேன்! கடலுக்குள்ள! செத்துப்போகலை!" சொல்லும்போது இருவருக்குமே கண் தெறித்துவிடும்போல் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த நானும் துடைப்பத்தைப் பிடித்தபடி ஆழமாக மூச்சிழுத்தேன்.

பிறகுதான் தேர்வு. ஒருத்தி தன் காற்று தீர்ந்துவிட்டதாகச் சைகை காட்டி, மற்றவளிடம் உபரியாக இருக்கும் மாற்றுக் குழாயை வாங்கி மூச்சு விடவேண்டும். அப்புறம் மற்றவள் முறை. தேறாவிட்டால் மறுநாள் பவளப்பாறைக்குப் போக முடியாது. அதுவோ விடுமுறையின் கடைசி நாள். அங்கே ஆமைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து இருவருக்கும் தூக்கமில்லை.

மணலில் எதிரெதிரே மண்டியிட்டார்கள். யார் முதலில் கேட்பது? மூடி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் காற்றுக்காகவா கையேந்துவார்கள்! இருவருமே மாற்றுக் குழாயைக் கையில் எடுத்து, 'நீ வாங்கிக்கோ' என்று நீட்டிக்கொண்டிருந்தார்களாம். நடுவில் ஒரு மீன் வந்து இரண்டு குழாயையும் பார்த்துவிட்டுப் போனதாம். (மீன் நான் சேர்த்தது.)

பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கப்போனார். அப்போது—

4

தேறிவிட்டார்கள். ஆமையின் புகைப்படத்தை நானே பார்த்தேன். ஆனால் அந்த 'அப்போது' மட்டும் இரண்டாக இருக்கிறது.

அ) டாக்டர் சொல்வது: "அவதான் கேட்டா. என் குழாயைப் பிடுங்காத குறை. நான் தோளைப் பிடிச்சுக்கிட்டேன்."

ஆ) நாத்தனார் சொல்வது: "அண்ணிதான். முழி பிதுங்கிடுச்சு, பாவம். நான் அவங்க கையை விடவே இல்லை."

ஊர் திரும்பியதிலிருந்து மேல்வீட்டில் இதே பாட்டு.

"நீதான்டி முதல்ல கேட்ட!"

"நானா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க அண்ணி!"

அந்த மனிதர் படியில் வந்து உட்கார்ந்தார். "என்னை யாருமே கூப்பிடலைக்கா" என்றார். வேலை போன ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இ) என்று ஒரு முடிவும் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் முடிவு. உண்மையில் முதலில் கேட்டது—

"ஏய், அந்தக் குக்கரை அணைடி!"

"அணைக்கிறேன், முதல்ல நீங்க ஒத்துக்கங்க!"

இ)-யைக் கோடிழுத்து அடித்துவிட்டேன்.

யார் கேட்டிருப்பார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து மாடியேறிப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். படி ஈரமாக இருக்கிறது.